நானே எழுதிய நீக்க அறிவிப்பு

ஐப்பசி 7, திங்கள்

தலைமறைவாக இருப்பவர்கள் நாட்குறிப்பு எழுதக் கூடாது என்பது கட்சி விதி. நியாயமான விதிதான். ஆனால் இருபத்திரண்டு வயது வரை கைநாட்டாக இருந்த எனக்குச் சங்கத்தின் இரவுப் பள்ளியில் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததும் இதே கட்சிதான். கற்றுக்கொடுத்துவிட்டு எழுதாதே என்றால் யார் கேட்பார்கள்? நான் கேட்க மாட்டேன். கற்பூர டப்பாவுக்கு அடியில் இதை வைத்துக்கொள்கிறேன். போலீஸ் வந்தால் ஒரு கட்டியைக் கொளுத்தி இதன்மேல் போட்டால் தீர்ந்தது வேலை.

பழனி மலையடிவாரத்தில் எங்களுக்குத் தேங்காய் பழக் கடை. சாமி இல்லை என்று மில் வாசலில் நின்று பேசிய வாயால், "அர்ச்சனைத் தட்டு வாங்கிட்டுப் போங்க, முருகன் கேட்டதைக் குடுப்பான்" என்று கூவுகிறேன். தொண்டை நல்ல தொண்டை. மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பகுதியில் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. பக்கத்துக் கடைக்காரி தெய்வானையக்காவுக்கு என் வியாபாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

இங்கே என் பெயர் சரசு. நாச்சிமுத்து தோழர் என் புருசன். கட்சி செய்துவைத்த ஏற்பாடு. அவர் உள்ளே கோணிமேல் படுத்துக்கொள்கிறார், நான் கடைப் பலகைமேல். மஞ்சள் கயிற்றைச் சந்தையில் நானே வாங்கி நானே கட்டிக்கொண்டேன்.

அவரிடம் ஒரே தொல்லை, தட்டு. கட்சிக்காரர்கள் சேர்ந்து தங்கும் கம்யூனில் அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்பது விதி. இவர் ஒரு படி மேலே போய்ப் பக்கத்தில் இருப்பவர் தட்டையும் சேர்த்துக் கழுவிவிடுவார். இன்று மத்தியானம் தெருக் குழாயடியில் என் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தெய்வானையக்கா தண்ணீர் பிடிக்க வந்தவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தாளாம். அவர் உள்ளே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, போலீசுக்குச் சீட்டெழுதிப் போடற மாதிரி இருக்குது நீங்க பண்றது. எந்த ஊர்ல புருசன் பொண்டாட்டி தட்டைக் கழுவறான்?"

"பழகிப்போச்சுங்க தோழர்."

"தோழரும் வேண்டாம், தட்டும் வேண்டாம்."

தலையை ஆட்டினார். நாளைக்கும் கழுவுவார், எனக்குத் தெரியும்.

ஐப்பசி 13, ஞாயிறு

பாப்பண்ணன் வந்தார். கட்சிக்கும் எங்களுக்கும் இடையே அவர் ஒருவர்தான் தொடர்பு. வேறு யாருக்கும் நாங்கள் இருக்கும் இடம் தெரியாது, எங்களுக்கும் வேறு யாரையும் தேடிப்போக அனுமதி இல்லை.

ஏற்பாடு என் யோசனை. பக்தர் வேடத்தில் வந்து என்னிடம் தேங்காய் வாங்குவார். மேலே போய் உடைத்து, மூடியோடு திரும்பி வந்து, "அழுகல் காயைக் குடுத்துட்டியே" என்று சண்டை பிடிப்பார். நானும் விடாமல் கத்துவேன். சண்டைக்கு நடுவே கிட்டத்தில் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். சேதி இல்லை என்றால் திரும்பாமல் போய்விடுவார். இன்று நல்ல சண்டை. தெய்வானையக்கா எனக்காகப் பரிந்துகொண்டு அவரை அடிக்கவே வந்துவிட்டாள்.

சேதி: எல்லாம் சரியாகப் போகிறது, பொறுமையாக இருங்கள் என்று மாவட்டச் செயலாளர் விசுவம் தோழர் சொல்லச் சொன்னாராம்.

ஐப்பசி 16, புதன்

மழை. ஆள் இல்லை. ஆகவே என் பெருமை ஒன்றை எழுதிவைக்கிறேன்.

ஆடி மாதம் வேலைநிறுத்தம் சூடு பிடித்தபோது எங்கள் இருவர் மேலும் வாரண்ட் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. எங்களைத் தேடுகிறேன் என்று கட்சி ஆபீசைப் புரட்டிப்போட்டுப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அதற்குக் கட்சியில் ஒரு வழி உண்டு. தலைமறைவாகப் போகிறவர்களை நீக்கிவிட்டதாக முன்கூட்டியே கட்சிப் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டுவிடுவது. அவர்கள் எப்போதும்போல் கமிட்டிக்கு வருவார்கள், ஓட்டுப் போடுவார்கள். போலீசுக்கு மட்டும்தான் அந்த அறிவிப்பு.

எங்களுடையதை எழுதச் சொன்னது என்னைத்தான். "தொழிலாளர் ஒற்றுமையைக் குலைக்கும் சாகசப் போக்கினாலும், பலமுறை எச்சரித்தும் திருந்தாத தனிநபர் கர்வத்தினாலும் கட்சியின் நன்மதிப்புக்குக் களங்கம் விளைவித்த நாச்சிமுத்து, மயிலாத்தாள் ஆகிய இருவரும் இன்று முதல் நீக்கப்படுகிறார்கள்." ஆடி முதல் வெள்ளி வெளிவந்தது. விசுவம் தோழர் படித்துவிட்டு, "நானே நம்பிடுவேன் போலிருக்கே" என்று சிரித்தார். நாச்சிமுத்து மட்டும், "எனக்கெங்கீங்க கர்வம்?" என்று ரெண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்த கமிட்டி ஆடிப் பதினெட்டு அன்று, விசுவம் தோழரின் தோட்டத்து வீட்டில். ஊரே ஆற்றுக்குப் போயிருக்கும், போலீசும் அங்கேதான் நிற்கும் என்று அந்த நாளைப் பிடித்தோம். அவர் மனைவி கனகம் அக்கா எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கிளறிப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் நம் ஆள் வழக்கம்போல் தன் தட்டையும் என் தட்டையும் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டார். கனகம் அக்கா பின்னாலேயே ஓடி, "வூட்டுக்கு வந்த ஒறம்பரை தட்டுக் கழுவினா எங்களுக்குத்தானுங்க கேவலம்" என்று பிடுங்கப் பார்த்தார். இவர் தரவில்லை. விசுவம் தோழர் கையைத் துடைத்துக்கொண்டு சமத்துவம் பற்றி ஒரு சின்ன வகுப்பு எடுத்தார். அவருடைய தட்டை அக்காதான் எடுத்துக்கொண்டு போனார்.

அதே மத்தியானம்தான் மில்லில் பஞ்சுக் குடோன் தீப்பிடித்து வாட்ச்மேன் செத்துப்போனான். பாவம், குழந்தை குட்டிக்காரன். நாச்சிமுத்து கொளுத்தினார் என்று கேஸ். மில்லுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் அரை நாள் நடை. ஆகவே பயம் ஒன்றும் இல்லை. அவர் எங்கே இருந்தார் என்று சொல்லக் கமிட்டியே இருக்கிறது.

ஐப்பசி 29

சஷ்டிக் கூட்டம். தொண்டை போய்விட்டது. நாச்சிமுத்து சுக்குத் தண்ணீர் போட்டுத் தந்தார். உப்புப் போட்டிருந்தார், ஆனாலும் குடித்துவிட்டேன்.

கார்த்திகை 4, ஞாயிறு

இன்று பாப்பண்ணனின் சண்டை நீளமாக இருந்தது. சேதியும் அப்படி.

தேர்தல் வருகிறது. கட்சி வெளிப்படையாக நிற்கப்போகிறது. அதற்குக் கெடுபிடி தளர வேண்டும். நாச்சிமுத்து தானாகப் போய்ச் சரணடைய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறதாம். கட்சி வக்கீல் வைக்கும். கமிட்டித் தோழர்கள் சாட்சி சொல்வார்கள். கேஸ் நிற்காது. தை மாதத்துக்குள் வெளியே வந்துவிடுவார்.

"எழுத்துல ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம கட்சியில எப்பம்மிணி எழுத்துல குடுத்தாங்க?"

அதுவும் சரிதான். எழுத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

நாச்சிமுத்துவிடம் சொன்னேன். பழத்தைச் சீப்புச் சீப்பாக வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைக்காமலே, "கட்சி சொன்னாப் போக வேண்டியதுதானுங்க" என்றார். பிறகு, "நீங்க தனியாக் கடையைப் பார்த்துக்குவீங்களா?" என்று கேட்டார். தூக்குமேடைக் கேசில் போகிறவர் தேங்காய்க் கடையைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

கார்த்திகை 6, செவ்வாய்

விடிந்ததும் போனார். நான் எழுந்தபோது இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. திருநீறு பூசிக்கொள்ள மறந்து கிளம்பியவரைக் கூப்பிட்டு நானே பூசிவிட்டேன். வேடம் பஸ் ஏறும் வரை கலையக் கூடாது அல்லவா, அதற்காக.

புருசன் எங்கே என்று தெய்வானையக்கா கேட்டாள். கொள்முதலுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

கார்த்திகை 15, வியாழன்

செய்தித்தாளில் வந்துவிட்டது. ஸ்டேஷனில் சரணடைந்தாராம். "கட்சியிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டவர்" என்று போட்டிருக்கிறது. என் அறிவிப்பு இன்னும் வேலை செய்கிறது. எழுத்தென்றால் அப்படி இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில், விசுவம் தோழர் எங்கள் தொகுதியில் நிற்கிறார் என்ற செய்தியும் இருக்கிறது. மனசு நிறைந்துபோயிற்று. நம் ஆள் சட்டசபையில் பேசுவதைக் கேட்க வேண்டும்.

கார்த்திகை 25, ஞாயிறு

பாப்பண்ணன் வந்தார், காய் வாங்கினார், மேலே போனார். சண்டை பிடிக்க வரவில்லை. சேதி இல்லை என்று அர்த்தம். கேஸ் நல்லபடியாகப் போனால் சேதி என்ன இருக்கப்போகிறது?

மார்கழி 2, ஞாயிறு

இன்றும் காய் வாங்கிக்கொண்டு போனார். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். இறங்கிப் போகும்போது தூணுக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போவதைப் பார்த்துவிட்டேன். கடையைப் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் படிக்கட்டில் மறித்தேன்.

"அண்ணா, மூடியைக் காட்டுங்க. காய் அழுகலா நல்ல காயா?"

"நல்ல காய்தான் அம்மிணி. போ."

"வக்கீலா யாரை வெச்சிருக்குது?"

மனுசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கார்த்திகை முடிந்து பனி கொட்டுகிறது, வேர்வை எங்கிருந்து வரும்?

"கட்சி வக்கீலு வரலை அம்மிணி. நீக்கின ஆளுக்குக் கட்சி எப்பிடி வக்கீல் வெக்கறதுன்னு கேக்கறாங்க. சர்க்காரே ஒரு சின்னப் பையனை வக்கீலா வெச்சிருக்குதாம்."

"யாரு கேக்கறாங்க?"

"எல்லாரும்தான்" என்றார். "எனக்கு வெசனமா இருக்குது அம்மிணி. என்னைய ஒண்ணும் கேக்காதே."

ஏதோ குழப்பம். கமிட்டியில் புதிதாக வந்தவர்கள் யாராவது விஷயம் தெரியாமல் கேட்டிருப்பார்கள். விசுவம் தோழர் எடுத்துச் சொல்லிச் சரிப்படுத்துவார். அந்த அறிவிப்பைப் படித்துச் சிரித்தவரே அவர்தானே.

மார்கழி 9

பாப்பண்ணன் வரவில்லை. மார்கழியில் பஸ் கிடைப்பது கஷ்டம்.

மார்கழி 16

வரவில்லை.

மார்கழி 17

பஸ்ஸெல்லாம் நன்றாகத்தான் கிடைக்கிறது. தெய்வானையக்கா நேற்று தாராபுரம் போய்விட்டுப் பொழுதோடு திரும்பிவிட்டாள்.

மார்கழி 24, திங்கள்

ஒரு தட்டுதான் இருக்கிறது கழுவ. அதைக்கூட இன்று கழுவாமல் போட்டுவைத்தேன். எறும்பு வந்துவிட்டது.

தை 3, புதன்

இன்று விசுவம் தோழரே வந்தார்.

கார் ஒன்று அடிவாரத்தில் நின்றது. பத்துப் பேரோடு இறங்கினார். கழுத்தில் மாலை, நெற்றி நிறைய பட்டை. பூசத்துக்குத் தொகுதி ஜனமெல்லாம் கூடும் இடத்தில் வேட்பாளர் முகம் காட்டாமல் இருக்க முடியாதாம். அவர் நெற்றியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் பட்டை, அவருக்கும் பட்டை. என்னுடையது வேடம். கூட வந்தவர்களை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, பாப்பண்ணன் சொன்ன அடையாளத்தை வைத்துத் தனியாக என் கடைக்கு வந்தார்.

"என்னம்மா, வியாபாரம் எப்படிப் போகுது?"

முன்பெல்லாம் என்னைத் தோழர் என்பார். இது அம்மா. நான் சுற்றி வளைக்கவில்லை.

"தோழர், நாச்சிமுத்து கேசு பன்னெண்டாந் தேதி வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்களே. நீங்க எப்பங்க சாட்சி சொல்றீங்க?"

"நான் எப்படிச் சொல்றது? ஆடி முதல் வெள்ளியே அவரை நீக்கியாச்சு. பதினெட்டாம் பெருக்குக்கு எங்க வீட்ல அவருக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க."

"அது பொய்யா நீக்கினதுதானுங்களே."

"மெதுவாப் பேசு. பொய்யின்னு நான் கோர்ட்ல சொன்னா இந்தக் கட்சி பொய் அறிவிப்புப் போடற கட்சின்னு ஆயிடும். குடோன்ல பத்தின தீ கட்சி ஆபீசுக்கு வந்துடும். இத்தனை வருசமா ரத்தம் சிந்தி இப்பத்தான் ஜனங்க முன்னாடி நிமிர்ந்து நிக்கிறோம். ஒரு ஆளுக்காக அத்தனையும் விடச் சொல்றியா?"

"அவரைச் சரணடையச் சொன்னது நீங்கதானுங்க."

"சொன்னேன். அதனாலதான் கெடுபிடி தளர்ந்துது. அவரோட தியாகம் வீண் போகாது."

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. தியாகம் என்ற சொல்லைச் செத்தவர்களுக்குச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஆளுக்கு இவர் இப்போதே சொல்லிவிட்டார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் இப்படியே இரு. அப்புறம் உன்னை மறுபடியும் சேர்த்துக்கலாம்."

"சேர்த்துக்கறதா? நான் எப்பங்க வெளிய போனேன்?"

டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ கை காட்டினார்கள். "ஒரு அர்ச்சனைத் தட்டு குடும்மா" என்றார்.

அழுகல் காயைக் கொடுத்திருக்கலாம். கை போகவில்லை. தட்டிப் பார்த்து நல்ல காயாகவே எடுத்து வைத்தேன். கடைக்கு வந்தவர்.

தை 4, வியாழன்

இதுவரை எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். "சேதி இல்லை என்றால் நல்ல சேதி", "விசுவம் தோழர் சரிப்படுத்துவார்", இப்படியே எழுதிவைத்திருக்கிறாள் ஒருத்தி. இவளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

நாச்சிமுத்துவைத் தூக்கில் போடப்போகிறார்கள். கயிறு திரித்துக் கொடுத்தது எங்கள் கட்சி. நூல் நான் நூற்றது.

இதை எழுதிவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. கஞ்சி வைத்துக் குடித்தேன். தட்டையும் கழுவினேன்.

குடித்துக்கொண்டே யோசித்தேன். ஆடிப் பதினெட்டு அன்று தோட்டத்து வீட்டில் இருந்தவர்களில் விசுவம் பேசமாட்டார். மற்றவர்களும் இனி அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நான் இருந்தேன். எனக்கு நாக்கு இருக்கிறது, அதுவும் மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்கிற நாக்கு. போனால் வேலைநிறுத்தத்தின்போது என் மேல் போட்ட மறியல் கேசில் பிடித்து உள்ளே போடுவார்கள். போடட்டும், அதற்கு யாரும் தூக்குத்தண்டனை கொடுப்பதில்லை.

கட்சிக் கட்டளையை மீறுவது இதுதான் முதல் தடவை என்று எழுத வந்தேன். பொய். இந்த நாட்குறிப்புதான் முதல் தடவை. அது பழக்கிவிட்டிருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கட்சிக்கு நாச்சிமுத்து வேண்டாமென்றால் போகட்டும். எனக்கு வேண்டும். உப்புப் போட்ட சுக்குத் தண்ணீரோடு வேண்டும்.

தை 9, செவ்வாய்

பூசக் கூட்டம் வடிந்துவிட்டது. மீதித் தேங்காயையும் கடைச் சாவியையும் தெய்வானையக்காவிடம் கொடுத்தேன். திரும்பி வர நாளாகும் என்றேன். வாயை அடக்க முடியவில்லை. "அக்கா, என் பேரு சரசு இல்லீங்க. மயிலாத்தாள். அவரு என் புருசனும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வெற்றிலையை மடித்தபடியே, "தெரியுமே" என்றாள்.

"எப்பிடீங்க தெரியும்?"

"வந்த மூணாம் நாளே தெரியும். பொண்டாட்டி தட்டைக் கழுவறவன் புருசனா இருக்க மாட்டான்னு எங்க வூட்டுக்காரர்கிட்டவே சொன்னேன். என்ன எழவோ, நல்ல மனுசங்களா இருக்காங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

இத்தனை நாளும் போலீஸ் கண்ணில் நாங்கள் படாமல் இருந்தது கட்சியின் சாமர்த்தியத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் கயிற்றைக் கழற்றுவதா வேண்டாமா என்று பஸ் வரும் வரை யோசித்தேன். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை 13, சனி. சப்ஜெயில்

பேனாவும் இந்த நோட்டும் தந்துவிட்டார்கள். கற்பூர வாசனை இன்னும் போகவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக நாச்சிமுத்துவுக்காகச் சர்க்கார் வைத்த அந்த வக்கீலின் வீட்டுக்குப் போனேன். பையன்தான், மீசை இப்போதுதான் முளைக்கிறது. நான் யார் என்றதும் எழுந்து நின்றுவிட்டான். "அம்மா, உங்க மேல வாரண்ட் இருக்கே" என்றான். "தெரியுமுங்க தம்பி, சாட்சி சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க அதை மறந்துடுங்க" என்றேன்.

நேற்றுக் கூண்டில் ஏற்றினார்கள். நாச்சிமுத்து எதிர்க் கூண்டில் நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், வரக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டீர்களே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை.

எதிர்த்தரப்பில் கேஸ் நடத்தும் அரசாங்க வக்கீல் கட்சிப் பத்திரிகையை எடுத்து என் அறிவிப்பைப் படித்தார். நல்ல குரல். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"உங்க பேரும் இதுல இருக்கே. உங்களையும் நீக்கியிருக்காங்களே?"

"ஆமாங்க. நான்தானுங்க எழுதினேன்."

"எதை?"

"அதைத்தானுங்க. நீங்க படிச்சதை. சாகசப் போக்கு, தனிநபர் கர்வம், எல்லாம் என் எழுத்துத்தானுங்க. போலீசை ஏமாத்தறதுக்காகப் போட்டது."

"உங்களை நீங்களே நீக்கிக்கிட்டீங்களா?"

"கட்சியில நல்லா எழுதறது நான்தானுங்க. வேற யாருகிட்டக் குடுப்பாங்க?"

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. பொய் அறிவிப்பு எழுதுகிறவள் சொல்லும் சாட்சியை எப்படி நம்புவது என்று அவரே கேட்டார். கெட்டிக்காரர். அதற்கும் பதில் வைத்திருந்தேன். ஆடிப் பதினெட்டு மத்தியானம் தோட்டத்து வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, புழக்கடை, தட்டு, கனகம் அக்கா பிடுங்கப் போனது, இவர் தராதது. "என்னைய நம்ப வேண்டாமுங்க. அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேளுங்க. வூட்டுக்கு வந்த ஆம்பளை தட்டுக் கழுவினதை எந்தப் பொம்பளையும் மறக்க மாட்டாங்க" என்றேன்.

கனகம் அக்காவுக்குச் சம்மன் அனுப்ப உத்தரவானது. நான் கூண்டைவிட்டு இறங்கியதும் வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

தை 26, வெள்ளி

கட்சிப் பத்திரிகை வந்தது. என்னை நீக்கியிருக்கிறார்கள். இந்தத் தடவை நிஜமாக.

"கட்சி விரோத நடவடிக்கையில் ஈடுபட்டதாலும் ஈடுபட்டு வருவதாலும் மேற்படி மயிலாத்தாள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு நீக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படுகிறது." ஒரே வாக்கியத்தில் மூன்று நடவடிக்கை. யார் எழுதியது என்று தெரியவில்லை. நான் பிறகு பாடம் எடுத்த இரவுப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் யாராவதாக இருந்தால் வெட்கப்பட வேண்டும். என்னிடம் கொடுத்திருந்தால் சுருக்கமாக, உறைக்கிற மாதிரி எழுதித் தந்திருப்பேன்.

தமாஷாகத்தான் ஆரம்பித்தேன். எழுதி முடிக்க முடியவில்லை. எழுத்துக் கற்றுக்கொடுத்த வீடு. வலிக்கிறது.

மாசி 2, புதன்

வக்கீல் பையன் ஓடிவந்து சொன்னான்.

கனகம் அக்கா வந்தாராம். வாசலில் விசுவத்தின் ஆட்கள் நின்றிருந்தார்கள். தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து போனாராம். அன்றைக்கு நாச்சிமுத்து உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டதற்கு, "வந்தாருங்க. ரெண்டு தட்டு கழுவினாருங்க. எனக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல எங்க வூட்ல ஆம்பளை தட்டு கழுவி அன்னிக்குத்தானுங்க பார்த்தேன்" என்றாராம்.

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அதே ஆட்கள் நடுவே நடந்து வெளியே போனாராம்.

மாசி 10, வியாழன்

நாச்சிமுத்து விடுதலை. எனக்கு மறியல் கேசில் ஆறு மாதம். தேர்தலில் விசுவம் ஜெயித்துவிட்டார். எல்லாம் ஒரே நாளில் தெரிந்தது. இரவு நன்றாகத் தூங்கினேன்.

மாசி 14, திங்கள்

பார்வையாளர் நாள். நாச்சிமுத்து சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்தார். தெய்வானையக்கா பழனியிலிருந்து அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கடை நன்றாக நடக்கிறதாம், ஆனால் என் அளவுக்குக் கூவ ஆள் இல்லையாம்.

முற்றத்து வேப்பமரத்தடியில் பெண் வார்டர் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். பருப்பில் உப்பே இல்லை. அவரே சமைத்தது என்று தெரிந்துவிட்டது.

"கனகம் அக்கா அவிக அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க. அவிகளைப் பார்த்துக் கும்பிட்டுட்டு வந்தேன்" என்றார்.

"இனி என்னங்க பண்ணப் போறீங்க?"

"மில் வாசல்ல சங்கத்து ஆளுங்க கொஞ்சப் பேரு கூப்பிடறாங்க. நம்மளை நீக்கினதை ஒத்துக்க மாட்டோம்னு சொல்றாங்க. நீங்க வந்தாத்தான் பேச்சு எடுபடுமுங்க." பிறகு என் கழுத்தைப் பார்த்தபடி, "அந்தக் கயிறு இன்னும் கெடக்குதுங்களா?" என்றார்.

"கெடக்குதுங்க."

நான் சாப்பிட்டு முடித்ததும் ஜெயில் தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பெண் வார்டர் வாயில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னம்மா இது, ஆம்பளையைப் போயி" என்றாள்.

இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. "என் புருசன்தானுங்க" என்றேன்.